பெல்லட் விலை ஏறுது, தோட்டா கிடைக்கல... சின்ன ஊர் ஷூட்டர்கள் என்னதான் செய்வது?

கிரிக்கெட் பந்து ஒன்று இருந்தால் ஒரு தெருவே ஒரு மாசம் விளையாடலாம். ஷட்டில் காக் கிழிந்தால் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு இன்னொன்று வாங்கலாம். துப்பாக்கி சுடுதல் அப்படி இல்லைங்க. ட்ரிக்கரை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கையில் இருந்த ஒரு பொருள் திரும்பி வராமல் போய்விடுகிறது. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 60 பெல்லட் வேண்டும். 50 மீட்டர் ரைபிளுக்கு 60 தோட்டா. ட்ராப் பிரிவில் ஒரு போட்டிக்கு 125 தட்டுகள் பறக்கும், ஒவ்வொன்றுக்கும் தோட்டா. இதெல்லாம் போட்டி நாள் கணக்கு. பயிற்சிக் கணக்கு தனி.

அந்தக் கணக்குதான் சில வருடங்களாக உதைக்கிறது. 2020-க்குப் பிறகு உலகம் முழுக்கத் தோட்டா விலை ஏறியது, சில நேரம் சரக்கே வரவில்லை. சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பெரிய கிளப்பில் இருப்பவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். தாராபுரம் மாதிரி ஊரிலிருந்து வார இறுதியில் பஸ் ஏறி ரேஞ்சுக்குப் போகிற பையனோ பெண்ணோ என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

முதலில் யாருக்கு இது பிரச்சனை?

'துப்பாக்கி' என்றதும் பலருக்கு நினைவு வருவது சினிமாதான். 2022-இல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் குமார் வந்தபோது வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, "ஓ, இப்படி ஒரு விளையாட்டு நம்ம ஊர்ல இருக்கா?" என்று கேட்டவர்கள் ஏராளம். இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டார்கள். அதே பாரிஸில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை.

இன்னொரு கூட்டமும் உண்டு. காலேஜில் என்.சி.சி. கேம்ப் போய், தரையில் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளில் அஞ்சு ரவுண்டு சுட்டுவிட்டு வந்தவர்கள். அந்த அஞ்சு ரவுண்டு ருசி பத்து வருடம் கழித்தும் விடாது. வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் காசு வந்ததும், "மறுபடி ஒரு தடவை பழகலாமா?" என்று கிளப்பைத் தேடுவார்கள். திருப்பூர் பக்கம் மெர்ச்சண்டைசிங், ஐ.டி., பேங்க் என்று வேலை பார்க்கிறவர்களில் இப்படி ஆசைப்படுகிறவர்கள் கணிசம். இவர்கள் யாரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மனசை ஒரு புள்ளியில் நிறுத்தப் போகிறார்கள், அவ்வளவுதான். ஸ்பான்சர் கிடையாது, அரசு உதவி கிடையாது. விலை ஏறினால் முதல் அடி இவர்களுக்கு.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4.5 மி.மீ.க்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும். பாயிண்ட் டூ டூ முதல் மேலே எல்லாமே ஆயுதச் சட்டத்துக்குள் வரும். எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை விளையாட்டு வீரர்களுக்கான வரம்பை உயர்த்தியது. நல்ல விஷயம்தான். ஆனால் காகிதத்தில் வரம்பு உயர்ந்தால் கடையில் சரக்கு வந்துவிடாதே.

ஏன் ஏறியது விலை?

முதல் காரணம் கொரோனா. 2020-இல் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனைகள் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி நடந்தன. அதுவரை இல்லாத எண்ணிக்கை. துப்பாக்கி வாங்கியவர் தோட்டாவும் வாங்குவார் அல்லவா? அதே வருடம்தான் 200 வருடப் பழமையான ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி, அதன் தோட்டாத் தொழிலை விஸ்டா அவுட்டோர் வாங்கியது. தேவை உச்சத்தில் இருந்தபோது தொழிற்சாலைகள் தடுமாறின.

அது தணிவதற்குள் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையின் நடுவில் இருப்பது பருத்தி.

தோட்டாவுக்குள் இருக்கிற மருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதைச் செய்ய நல்ல தரமான செல்லுலோஸ் வேண்டும். அது பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது என்றால், பருத்திக்கொட்டையிலிருந்து. ஜின்னிங்கில் நீளப் பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகும் கொட்டையின் மேல் பொடிப் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் குட்டைப் பஞ்சு. லிண்டர் என்பார்கள். நூல் நூற்க அது உதவாது. ஆனால் பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கு அதுதான் மூலப்பொருள்.

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும் செய்தியைத் தாராபுரம் பக்கத்தில் எல்லோரும் படித்திருப்போம். குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிட்டுப் புரட்டிவிடுவோம். அந்தப் பருத்தி நேராக வெடிமருந்தாகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சு மில்லுக்குப் போகிறது, கொட்டை எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. ஆனால் ஒரு செடியின் ஒரு பாகம் பனியனாகவும், இன்னொரு பாகம் பருத்திப்பாலாகவும், மூன்றாவது பாகம் பீரங்கி மருந்தாகவும் ஆக முடியும் என்பது இந்த விலையேற்றம் வரும்வரை நம்மில் பலருக்குத் தெரியாது.

ஐரோப்பா இந்த லிண்டருக்குப் பெருமளவு சீனாவை நம்பியிருக்கிறது. போர் நீண்டதும் பீரங்கிக் குண்டு தயாரிப்பைப் பல மடங்காக்க ஐரோப்பிய நாடுகள் முடிவு செய்தன. மருந்து முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. விஸ்டா அவுட்டோர் தன் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதி, மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விலையை ஏற்றியது. அரசாங்கம் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சுடுகிறவரின் ஆர்டரை யார் முதலில் கவனிப்பார்கள்?

"சரி, ஏர் ரைபிளில் மருந்தே கிடையாதே, காற்றுதானே? பெல்லட் ஏன் ஏறுது?" நியாயமான கேள்வி. பெல்லட் வெறும் ஈயம்தான். ஆனால் போட்டியில் சுடுகிற நல்ல பெல்லட் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வருகிறது. கப்பல் கட்டணம் ஏறினால் ஏறும். ரூபாய் சரிந்தால் ஏறும். 2025-இல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற முதலாளிக்கு ரூபாய் சரிந்தால் கொஞ்சம் சந்தோஷம். அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் சுடுகிறவருக்கு அதே சரிவு நஷ்டம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கணக்கு!

ஈயத்துக்கே ஐரோப்பாவில் கெடுபிடி அதிகரிக்கிறது. 2023 பிப்ரவரி முதல் அங்கே ஈர நிலங்களில் ஈயக் குண்டு சுடத் தடை. மற்ற இடங்களுக்கும் விரிவாக்கலாமா என்ற விவாதம் நடக்கிறது. இந்தத் தடையில் எனக்கு முழு உடன்பாடு. நஞ்சராயன் குளத்துக்கு 2024-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததைக் கொண்டாடிய ஊர்க்காரர்கள் நாம். (ஏர் கன்னை எடுத்துக்கொண்டு கொக்கு, மடையான் அடிக்கக் கிளம்புகிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். அது விளையாட்டு இல்லை, வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இந்த விளையாட்டின் பெயரைக் கெடுப்பதே இவர்கள்தான்.)

பாக்கெட் கணக்கு

விலை ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் மாறும் என்பதால், ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு 60 ஷாட் என்றால் மாதத்துக்கு 960. ஏர் ரைபிளில் 500 பெல்லட் உள்ள டின் இரண்டு போதும். டின்னுக்கு 300 ரூபாய் ஏறினால் மாதம் 600 கூடுதல். முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடலாம்.

பாயிண்ட் டூ டூவுக்கு வாருங்கள். ஒரு தோட்டா 15 ரூபாய் என்றால் 960-க்கு 14,400. அதுவே 25 ரூபாய் ஆனால் 24,000. இந்த வட்டாரத்தில் ஷிஃப்ட் பார்க்கிற பலருடைய மாதச் சம்பளமே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இது தோட்டாச் செலவு மட்டும். ரேஞ்சுக் கட்டணம், கோவைக்குப் போக 80 கிலோமீட்டர், வர 80 கிலோமீட்டர், சாப்பாடு எல்லாம் தனி.

பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தார். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். மகனின் பயிற்சிக்காகக் கடன் வாங்கியவர். பதக்கம் வந்த பிறகு இந்தக் கதையை நாம் கண்கலங்கப் படித்தோம். கடன் வாங்கியும் பதக்கம் வராத வீடுகள் எத்தனை என்று யாரும் எழுதவில்லை.

நம்மால் என்ன முடியும்?

கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அனுபவசாலிகள் பல வருடமாகச் செய்துவருகிற வழிகள் இருக்கின்றன.

முக்கியமானது, சுடாமல் சுடுவது. 'ட்ரை ஃபயர்' என்பார்கள். காலித் துப்பாக்கியை எடுத்து, நின்று, குறி பார்த்து, மூச்சை அடக்கி, ட்ரிக்கரை அழுத்துவது. குண்டு இல்லாததால் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. அழுத்துகிற நொடியில் உங்கள் முனை எவ்வளவு ஆடுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரைத் தவறவிடுவது அநேகமாக இந்த ஆட்டத்தால்தான், பெல்லட்டின் விலையால் இல்லை. நல்ல வீரர்கள் நிஜமாகச் சுடுவதைவிட அதிகமாக இப்படிப் பழகுகிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிளை பெல்லட் இல்லாமல் அழுத்தக்கூடாது, உள்ளே பிஸ்டன் அடிவாங்கும். விலை குறைவு என்பதால் புதிதாக வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். பாயிண்ட் டூ டூவிலும் போலித் தோட்டா போடாமல் அழுத்தினால் பின் கெட்டுப்போகலாம். போட்டி ஏர் ரைபிள்கள் பலவற்றில் இதற்கென்றே தனி வசதி உண்டு. உங்கள் துப்பாக்கி எந்த வகை என்று கோச்சிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கும் முன் ஒரு தடவைக்கு மூன்று தடவை காலியா என்று பாருங்கள். அதே அறையில் குண்டு எதுவும் இருக்கவே கூடாது.

2020 ஊரடங்கில் ரேஞ்சுகள் பூட்டிக் கிடந்தபோது முன்னாள் வீரர் ஷிமோன் ஷரீஃப் ஆன்லைனிலேயே சர்வதேசப் போட்டி நடத்தினார். வீட்டுச் சுவரில் இலக்கு, எதிரே கேமரா. அந்த வருடம் வீட்டுக்குள் பழகியவர்கள் யாரும் சுடுவதை மறந்துவிடவில்லை.

அடுத்தது, சரக்கைப் பிரித்து வைப்பது. எல்லா நாளும் உயர்ந்த ரகம் வேண்டாம். நின்று பழகவும் ட்ரிக்கர் பழகவும் உள்நாட்டு பெல்லட் போதும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு மட்டும் இறக்குமதி டின்னைத் திறங்கள். பாயிண்ட் டூ டூவில் ஒரே பிராண்டிலேயே லாட்டுக்கு லாட் வித்தியாசம் வரும். உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிற லாட் அமைந்தால் அதைப் போட்டிக்கென்று எடுத்து வையுங்கள். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ஷேடு என்று சொல்லி அனுப்பிய துணி லாட் மாறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எண்ணிச் சுடுவதும் ஒரு பயிற்சி. 60 ஷாட் படபடவென்று சுட்டுத் தள்ளுவதைவிட, 25 ஷாட்டை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிச் சுட்டால் கற்பது அதிகம். ஆனால் இதைத் தட்டுப்பாட்டின் 'நன்மை' என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. பழகியவருக்கு 25 ஷாட் போதும். நேற்று சேர்ந்தவருக்குப் போதாது. அவருக்கு எண்ணிக்கை வேண்டும். சிக்கனத்தை அவருக்கு உபதேசம் செய்வது, பசித்தவனுக்கு டயட் சார்ட் கொடுப்பது மாதிரி.

பதுக்காதீர்கள். விலை ஏறும் என்ற பயத்தில் ஒருவர் பத்து டின் வாங்கி வைத்தால், கிளப்பில் இன்னும் நாலு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். லைசென்ஸ் தோட்டாவில் இது வெறும் சுயநலத்தோடு நிற்காது, வரம்பு மீறினால் வழக்காகும். தெரிந்தவர் லைசென்ஸில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். அமெரிக்காவில் காலி ஷெல்லை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆர்வம் வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பாயிண்ட் டூ டூவை அப்படி நிரப்பவும் முடியாது.

அரசு பக்கம் கொஞ்சம் திரும்பலாமா?

மேலே சொன்னதெல்லாம் தனிமனிதர் சமாளிப்பு. 2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துத் திருப்பூரே இரண்டு நாள் கதவடைத்தது நினைவிருக்கிறதா? "நூலைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்று அன்று யாரும் அறிவுரை சொல்லிவிட்டுப் போகவில்லை. மூலப்பொருள் கொள்கையைப் பற்றிப் பேசினார்கள். இங்கேயும் அதைத்தான் பேச வேண்டும்.

நீலகிரி மலை ரயிலில் குன்னூர் தாண்டினால் அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கிற கார்டைட் தொழிற்சாலை 120 வருடமாகத் தோட்டாவுக்கும் குண்டுக்குமான மருந்து தயாரிக்கிறது. தாராபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணம். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 கம்பெனிகளாகப் பிரிந்தபோது, அருவங்காடு புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் போனது. ஆக, பருத்தி நம்மிடம் இருக்கிறது. மருந்து செய்யத் தெரிந்த ஆலை இருக்கிறது. தோட்டா செய்கிற ஆலைகளும் அதே கம்பெனிக்குள் இருக்கின்றன. இருந்தும் போட்டியில் சுடுகிற வீரர் இங்கிலாந்தின் இலேயையும் ஃபின்லாந்தின் லபுவாவையும்தான் தேடுகிறார். காரணம் தரம். ராணுவத்துக்கும் என்.சி.சி.க்கும் போதுமான துல்லியம் வேறு, 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப விழுகிற துல்லியம் வேறு.

அந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்று நான் நம்பவில்லை. ஏற்றுமதிக்குப் பீரங்கிக் குண்டு செய்து பெருமைப்படுகிற கம்பெனியால், ஒரு சின்ன வரிசையைப் போட்டித் தரத் தோட்டாவுக்கு ஒதுக்க முடியாதா? லாபம் குறைவு என்பார்கள். உண்மைதான், சந்தை சிறியது. ஆனால் சந்தை ஏன் சிறியதாக இருக்கிறது? தோட்டா விலையால்தானே பாதிப் பேர் உள்ளே வருவதில்லை? பெல்லட்டுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. ஈயத்தைத் துல்லியமாக அச்சில் அழுத்துகிற வேலை. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் உதிரிபாகங்களை மைக்ரான் கணக்கில் கடைகிற கோயம்புத்தூருக்கு அது புதிதா என்ன?

இறக்குமதி நடைமுறையும் சின்ன ஊர்க்காரருக்குச் சாதகமாக இல்லை. தேசியப் போட்டியில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்து 'ரெனௌன்ட் ஷாட்' தகுதி பெற்றவருக்குச் சுங்க வரிச் சலுகையோடு இறக்குமதி செய்ய வழி உண்டு. இந்திய அணிக்குள் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் டாப்ஸ் திட்டம் தோட்டா வாங்க உதவுகிறது. மேலே போகப் போகச் செலவு குறைகிறது! ஏணியின் முதல் படியில் நிற்கிறவருக்குத்தான் முழு விலை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியபோது ரிவால்வர், பிஸ்டலுக்கான வரி 28-லிருந்து 40 சதவீதமானது. தற்காப்புக்கு வாங்குகிற ரிவால்வரையும், 25 மீட்டர் போட்டிக்கு வாங்குகிற பிஸ்டலையும் ஒரே தராசில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

"தோட்டா தாராளமாகக் கிடைத்தால் ஆபத்து இல்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயம் புரிகிறது. வீட்டுக்குத் தோட்டா தாராளமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரேஞ்சுக்கு வேண்டும். கிளப்பின் இருப்பில் இருந்து, எண்ணிக் கொடுத்து, சுட்டு முடித்ததும் காலி ஷெல்லை எண்ணி வாங்கிக்கொள்கிற முறை. தனி லைசென்ஸ் இல்லாமலேயே உறுப்பினர்கள் கிளப் துப்பாக்கியில் ரேஞ்சுக்குள் பழகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை விரிவாக்கினால் வீடுகளில் துப்பாக்கி குறையும், சுடுகிறவர்கள் கூடுவார்கள்.

தாராபுரத்துக்கு உடனே 50 மீட்டர் ரேஞ்சு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு ஒரு நீளமான ஹால் போதும். நாலு லேன், குண்டு தெறிக்காத பின்சுவர், கதவுக்கு ஒரு பூட்டு, வாரத்தில் மூன்று நாள் வருகிற ஒரு கோச். ஓடாமல் கிடக்கிற நிட்டிங் ஷெட்டுகளே இந்தப் பக்கம் எத்தனையோ. ஷட்டில் காக் வாங்குகிற மாதிரி, பெல்லட்டையும் செலவாகிற பொருள் என்று ஏற்றுக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகம் வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கிக் கொடுத்தால், சேருகிற பிள்ளைக்கு முதல் வருடச் செலவு பஸ் காசு மட்டும்தான்.

ஏற்கெனவே ஏதாவது கிளப்பில் இருக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருட ஆர்டர் எப்போது போகிறது? ஜூனியர்களுக்கு எவ்வளவு ஒதுக்கீடு? வந்த சரக்கு யாருக்கு எவ்வளவு போனது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு அங்கே கொஞ்சம் அமைதி நிலவலாம். பரவாயில்லை, கேளுங்க.